கொறங்காட்டு நடுவே ஒரு தொட்டிக்கட்டு வீடு

கேள்வி: எங்கள் தோட்டம் மூலனூர் பக்கம். நாற்பது ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அதில் முக்கால்வாசி மாடு மேயும் கொறங்காடு. நடுவில், உள்ளே திறந்த முற்றம் உள்ள தொட்டிக்கட்டு ஓட்டு வீடு, பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கவலைக் கிணறு. அப்பா போன பிறகு வீட்டைப் பூட்டி நான்கு வருஷம் ஆகிறது. நான் பெங்களூரில் வங்கி வேலையில் இருக்கிறேன். தம்பிக்குத் திருப்பூரில் பனியன் தொழில். அக்காவைக் கரூரில் கொடுத்திருக்கிறோம். அப்பாரு (அப்பாவின் அப்பா) இந்த வீட்டில்தான் 1910 வாக்கில் பிறந்தார். 'இருநூறு வருஷத்து வீடு' என்று அப்பா சொல்வார். நிலைக்கதவுக்கு மேலே 'சுபகிருது வருஷம் தை மாதம்' என்று செதுக்கியிருக்கிறது. ஓட்டின் அடியிலோ 1865 என்று அச்சு இருக்கிறது. எது சரி? கூரை ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. தெரிந்த இன்ஜினியர், ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டு, மண் சுவருக்கு சிமென்ட் பூசச் சொல்கிறார். தம்பியோ தூணையும் கதவையும் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டு இடித்துவிடலாம் என்கிறான். ஒரு சோலார் கம்பெனி நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசாங்கத்துக்கு எழுதினால் உதவி கிடைக்குமா, இல்லை அவர்களே எடுத்துக்கொள்வார்களா?

பதில்: வயதில் இருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். கடைசியாக வந்த சுபகிருது 2022 ஏப்ரலில் தொடங்கியது. அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1962, 1902, 1842, 1782. தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டு சனவரி, பிப்ரவரி ஆகிவிடும். அப்பாரு 1910 வாக்கில் அங்கே பிறந்தார் என்றால் 1963 அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது 1903, 1843, 1783. அப்பாவின் இருநூறு வருஷம் நிற்க வேண்டுமானால் கடைசி இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது ஓட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. மங்களூரில் அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அது கம்பெனி பிறந்த வருஷம், ஓடு சுட்ட வருஷம் அல்ல. இதைப் பார்த்து 'எங்கள் வீடு 1865-ல் கட்டியது' என்று கல்வெட்டு வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு! அதனால் அச்சு வீண் என்று எண்ண வேண்டாம். முதல் உலகப் போரில் ஆங்கில அரசு மிஷனின் தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தியது. பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே பாசல் மிஷன் பெயர் தாங்கிய ஓடு பெரும்பாலும் 1865-க்கும் அந்தப் போர்க் காலத்துக்கும் இடையில் சுட்டது. சென்னையிலிருந்து கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் வரை ரயில் பாதை 1862-லேயே முடிந்துவிட்டது. மலையாளக் கரையில் சுட்ட ஓடு பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் கொங்குக்கு வந்து, அங்கிருந்து வண்டி மாட்டில் தோட்டத்துக்குப் போனது அப்படித்தான்.

எனவே என் கணிப்பு 1903. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 1843-ல் நாட்டு ஓட்டில் கட்டிய வீட்டுக்குப் பிற்பாடு மங்களூர் ஓடு மாற்றியிருக்கலாம். இதைத் தீர்க்க மச்சில் ஏறி, கூரைச் சரிவைத் தாங்கும் கைமரங்களைப் பாருங்கள். மங்களூர் ஓட்டுக்கு நீளவாக்கில் ரீப்பர் சட்டம் வேண்டும், ஓட்டின் மூக்கு அதில்தான் மாட்டும். நாட்டு ஓட்டுக்கு நெருக்கமாகப் பரப்பிய வரிச்சு போதும். கைமரங்களில் இப்போதைய ரீப்பரோடு ஒட்டாத பழைய ஆணித் துளைகளோ கயிறு அறுத்த தடமோ இருந்தால் கூரை ஒரு முறை மாறியிருக்கிறது. தடமே இல்லையென்றால் வீடும் ஓடும் ஒரே சமயத்தில் வந்தவை. சிவப்பு ரெட் ஆக்சைடு தரையை வைத்து வயது சொல்லாதீர்கள். மதுக்கரையில் 1930-களில் சிமென்ட் ஆலை வந்த பிறகுதான் நம் பக்கம் சிமென்ட் தாராளமாகப் புழங்கியது. தரை அப்போதோ அதற்குப் பிறகோ போட்டதாகத்தான் இருக்கும்.

அடுத்தது பத்திரம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய பாகப்பத்திரங்களில் நான்கு எல்லை சொல்லும் இடத்தைப் படியுங்கள். வெறும் 'புஞ்சை' என்று மட்டும் இருக்கிறதா, 'ஓட்டு வீடும் கட்டுத்தரையும் கிணறும் உள்பட' என்று இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வீடு இல்லாத பத்திரத்துக்கும் வீடு உள்ள பத்திரத்துக்கும் நடுவே கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெட்டியில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடலாம். கம்ப்யூட்டர் வில்லங்கம் பெரும்பாலும் 1975-லிருந்துதான் வரும், அதற்கு முந்தையதைக் கையால் தேடித் தரச் சொல்லி மனு போட வேண்டும். தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் ஊர் முதலில் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, 1979-ல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது, அது ஈரோடு மாவட்டம் ஆனது, 2009-ல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. ஆவணங்களும் அதே போல இடம் மாறியிருக்கின்றன. ஓர் அலுவலகத்தில் 'இல்லை' என்றால் ஆவணமே இல்லை என்று அர்த்தம் இல்லை.

இருநூறு வருஷம் நூற்றிருபதாகக் குறைந்ததில் வருத்தப்பட வேண்டாம். தேதி தெரிந்த நூற்றிருபது, தேதி தெரியாத இருநூறை விட எனக்கு மேல்.

சரி, கூரை. அவசரம் இதுதான். மற்றது எல்லாம் அடுத்த வருஷம்கூடச் செய்யலாம், இது ஐப்பசி மழைக்கு முன் முடிந்தாக வேண்டும். மூலை உட்கார்ந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் கூடல்வாய்தான் காரணம். தொட்டிக்கட்டு வீட்டில் இரண்டு கூரைச் சரிவும் சேரும் அந்தப் பள்ளத்தில்தான் மொத்தத் தண்ணீரும் ஓடி முற்றத்தில் விழும். அடியில் போட்ட தகரம் துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் நேரே மூலை விட்டத்தின் மேல் இறங்கும். விட்டம் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், சுவருக்குள் புதைந்த முனை மட்டும் உளுத்துப் போயிருக்கும். ஒரு திருப்புளியை எடுத்து சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் என்றால் முனை ஏறாது. கால் அங்குலத்துக்கு மேல் சிரமமில்லாமல் உள்ளே போனால் அங்கே மரம் இல்லை, மாவுதான் இருக்கிறது. கரையான் புற்று சுவரோரம் கோடாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கோட்டை உடைத்துவிட்டு மறுநாள் வந்தால், ஈரமாக மறுபடி கட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

அதற்காக முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. உளுத்த முனையை நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்து, அதே பருமனில் பழைய தேக்கைப் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி, போல்ட் போட்டு முறுக்கினால் போதும். அதைச் செய்யும்வரை அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். முட்டுக் கட்டையை நேரே தரையில் ஊன்றாமல் பலகை போட்டு ஊன்றுங்கள். புது முனையை மறுபடி சுவர் மண்ணுக்குள் அடைக்காமல், அடியில் ஒரு கல் பலகை வைத்து, சுற்றிலும் விரல் அளவு காற்று போக இடம் விடச் சொல்லுங்கள். கூடல்வாய்க்குப் புதுத் தகரம், உடைந்த ஓட்டுக்குப் பழைய ஓடு. பழைய ஓட்டு வியாபாரிகளிடம் அதே அச்சு கிடைக்கும். புது ஓடு அளவில் ஒரு நூல் தவறினாலும் பழையதோடு பூட்டாது, அப்புறம் சாரல் உள்ளே வரும்.

உங்கள் இன்ஜினியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்தது செங்கல்லும் கம்பியும், மண் சுவர் அல்ல. ஆனால் கணக்கு யாருக்கும் ஒன்றுதானே! ஐந்து அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ. மங்களூர் ஓட்டுக் கூரை, மரத்தையும் சேர்த்து, 60, 70 கிலோவுக்குள் அடங்கும். நூற்றிருபது வருஷம் இந்த எடையைத் தாங்கிய மண் சுவர்மீது நான்கைந்து மடங்கை ஏற்றிவிட்டு ஐம்பது வருஷம் நிற்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது. கான்கிரீட்டுக்குத் தனியாகத் தூண் எழுப்புவோம் என்பார். அப்படியென்றால் பழைய வீட்டுக்குள் புது வீடு கட்டுகிறீர்கள். அதைப் பக்கத்துக் காலி இடத்திலேயே கட்டலாமே?

சிமென்ட் பூச்சு இதைவிட மோசம், ஏனென்றால் கெடுதல் வெளியே தெரியாது. மண் சுவரின் அடியில் ஈரத்தடை கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாகக் காற்றில் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூக்கும், மண் இளகும். நான்கைந்து வருஷம் கழித்துப் பூச்சைத் தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கும். ஒருநாள் பாளமாக விழும்போது சுவரின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஏற்கெனவே திண்ணைக்கு சிமென்ட் போட்டிருப்பதாகப் படத்தில் தெரிகிறது. அங்கே சுவரின் அடிப்பகுதி வெளுத்துப் பொரிந்திருப்பது அதனால்தான்.

சுண்ணாம்பே பூசுங்கள். கடையில் மூட்டையில் விற்கும் தூள் அல்ல. சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தண்ணீர் விட்டுத் தாளித்து, குழியில் தண்ணீர் மூடியபடி குறைந்தது மூன்று நான்கு வாரம் ஊற விட வேண்டும். அதிகம் ஊறினால் இன்னும் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு கழுவிய மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுப் புளித்த தண்ணீரில் அரைத்துப் பூசுவது நம் கொத்தனார்கள் அறிந்த முறை. பங்குனி, சித்திரை வெயிலில் பூசாதீர்கள். சுண்ணாம்பு இறுகுவதற்குள் வறண்டு வெடித்துவிடும். மார்கழியிலிருந்து மாசிவரை நல்ல காலம், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாகக் காய விடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இப்போது குறைவு. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் வேலை செய்த குழுக்கள் வருவார்கள். ஆளைப் பேசும் முன் அவர்கள் செய்த சுவரைப் போய்த் தொட்டுப் பாருங்கள். கூடவே ஊர் இளைஞர் ஒருவரைக் கற்றுக்கொள்ள விட்டால் அடுத்த முறை ஆள் தேட வேண்டாம்.

வீட்டைப் பற்றி இவ்வளவு போதும். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கட்டுத்தரை, கிணறு, கொறங்காடு மூன்றும் சேர்ந்து ஒரே வரியில் வருகின்றன. என் பார்வையில் அது தலைகீழ். திண்ணையும் தூணும் உள்ள தொட்டிக்கட்டு வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. வீடும், மாடு கட்டிய இடமும், நீர் இறைத்த கிணறும், மேய்ந்த காடும், அந்தக் காட்டுக்குப் போன இட்டேரிப் பாதையும் பிரியாமல் ஒரே கையில் இருக்கும் தோட்டங்கள் அபூர்வம். உங்கள் முன்னோர் பணம் சம்பாதித்தது ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து அல்ல, மாட்டில்.

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அந்த மழைக்குக் கொறங்காடு போல ஒரு ஏற்பாட்டை யோசித்தவர்களைப் பாராட்ட வேண்டும். நிலத்தை நான்கைந்து ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல், மேலே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். ஒரு துண்டில் மேயும்போது இன்னொரு துண்டு ஆறும். மழை தவறிய வருஷத்தில்கூட வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டைக் காப்பாற்றும். பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் காங்கயம் கன்று இந்தப் புல்லில்தான் வளர்ந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உங்களுடையது போன்ற நடுத்தரத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் கூடவே இருந்ததால்தான் கண்ணபுரம் மாட்டுச் சந்தை சந்தையாக இருந்தது.

அந்த ஏற்பாடு ஏன் உடைந்தது என்பதும் உங்கள் குடும்ப வரலாறுதான். நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. அதன் பின் மெல்ல மெல்ல மோட்டார் பம்பு கிராமத்துக்கு வந்தது. கவலை ஓட்டிய மாட்டுக்கு முதலில் வேலை போனது, உழவு மாட்டுக்கு டிராக்டரால் போனது, வண்டி மாட்டுக்கு டெம்போவால் போனது. கவலைக் கிணற்றருகே மாடுகள் முன்னும் பின்னும் நடந்த சரிவு இன்னும் தெரிகிறதா? கிணற்று மேட்டில் கயிறு தேய்த்த கல் இருக்கிறதா? இருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்தச் சரிவைச் சமன்படுத்தி கார் நிறுத்த நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரலாறு எழுதும் எண்ணம் இருந்தால் ஒரு வேண்டுகோள். கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், வேலி கட்டியவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் பக்கத்து ஊரிலேயே இருப்பார்கள். அவர்களையும் போய்ப் பாருங்கள். எந்தத் துண்டில் எந்த மாதம் மேய்ச்சல், எந்தக் கிணறு எந்தப் பஞ்சத்தில் வற்றியது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது, திண்ணைக்கு எதுவரை வர முடிந்தது என்பதும் அந்த வீட்டின் வரலாறுதான். மழுப்பாமல் எழுதுங்கள். உங்கள் அத்தைமார் யாராவது இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். பட்டிப் பொங்கல் எங்கே வைத்தார்கள், எந்தத் தொட்டியில் யார் தண்ணீர் நிரப்பினார்கள் என்று பெண்களிடம் கேட்டால்தான் கட்டுத்தரை எப்படி ஓடியது என்று புரியும். போனில் பதிவு செய்துகொண்டால் போதும், பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

டிரங்குப் பெட்டியில் சந்தைச் சீட்டு இருந்தால் பழைய குப்பை என்று தூக்கி எறியாதீர்கள். மாட்டின் நிறம், சுழி, கொம்பு, விலை எல்லாம் அதில் இருக்கும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். தூசி தட்டிப் படம் எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே எண்ணெய் தடவ வேண்டாம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் காட்டுங்கள்.

வீட்டையும் மாட்டையும் பிரிக்காமல் காப்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில், மான்டனா மாநிலத்தில் டீர் லாட்ஜ் என்ற ஊரில் ஒரு பழைய மாட்டுப் பண்ணை இருக்கிறது. ஜானி கிராண்ட் என்ற வியாபாரி 1862-ல் வீடு கட்டினார், கான்ராட் கோர்ஸ் 1866-ல் வாங்கிப் பெரிய மாட்டு ராஜ்யமாக்கினார். அவருடைய பேரன் பழைய சாமான்களையும் கணக்குகளையும் கட்டடங்களையும் கலைக்காமல் வைத்திருந்தார். 1972-ல் அது தேசிய வரலாற்றிடம் ஆனது. அங்கே அவர்கள் மாளிகையை மட்டும் பளபளப்பாக்கிக் கயிறு கட்டி வைக்கவில்லை. தேசியப் பூங்காத் துறையே இன்றும் அங்கே மாடு வைத்து மேய்க்கிறது. வேலியும் வைக்கோல் போரும் மாடும் இல்லாத பண்ணை வீடு வெறும் வீடு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் மாடு மேய்ப்பதற்கு அரசாங்கப் பணம் தேவையில்லையே!

அரசாங்கம் பற்றிக் கேட்டீர்கள். நூறு வருஷம் ஆனதாலேயே தனியார் வீட்டை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம். நினைவுச் சின்னம் என்று அறிவிக்கத் தனிச் சட்டமும் நடைமுறையும் உண்டு. தோட்டத்து வீடுகளைத் தேடி அது வராது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது, ஆனால் அதை நம்பிப் பணத்துக்குக் காத்திருந்தால் மூலைக் கூரை காத்திருக்காது. உங்கள் பணத்தில்தான் செய்ய வேண்டும். யோசனைக்கும் ஆள் தொடர்புக்கும் பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் கோயம்புத்தூர் கிளையை அணுகிப் பாருங்கள். காங்கயம் மாடு, கொறங்காடு பற்றி என்றால் குட்டப்பாளையம் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையத்துக்கு ஒருமுறை தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

தம்பி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் அருகில் இருப்பவர், பூட்டிய வீட்டுக்குப் போய்ப் பாம்பு இருக்கிறதா, ஓடு விழுந்ததா என்று பார்ப்பது அவர்தான். ஆனால் தூண் விற்பது பற்றி இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஆசாரத்துத் தூணை எடுத்தால் கூரை அடுத்த மழைக்கு இறங்கும், அது அலங்காரத்துக்கு நிற்கவில்லை. மற்றது, நூறு ஆண்டு கடந்த கலைவேலைப்பாட்டுப் பொருள்களுக்கு 1972-ல் வந்த தொல்பொருள் சட்டம் பொருந்தும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அவற்றை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். நல்ல விலை பேசும் ஆளிடம் உரிமம் இருக்கிறதா, ரசீது தருவாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சுபகிருது என்று செதுக்கிய நிலையைக் கழற்றிவிட்டால் வீட்டின் பிறப்புச் சான்றிதழையே விற்றது போலத்தான்.

சோலார் குத்தகைக்கு நான் எதிரி இல்லை. வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் தள்ளி, வேலியும் புல்லும் ஏற்கெனவே அழிந்து சீமைக்கருவேலம் ஏறிய துண்டு ஏதாவது இருந்தால் அதைக் கொடுங்கள். வருகிற வாடகை கூரைக்கு ஆகும். ஆனால் ஒப்பந்தத்தில் 'நிலத்தைச் சுத்தம் செய்து' என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று வக்கீலை வைத்துத் தேடுங்கள். அதற்குப் பொருள் ஜேசிபி வந்து கிளுவை வேலியையும் வெள்வேல மரத்தையும் வேரோடு பிடுங்குவது. இட்டேரியை விரித்து லாரிப் பாதை ஆக்குவதும் அதில் அடங்கும். கிளுவைக் குச்சியை மழைக்கு முன் நட்டு வேலி ஆகப் பல வருஷம் பிடிக்கும், பிடுங்க அரை நாள் போதும். வேலி, மரம், இட்டேரி, கிணறு நான்கையும் பெயர் சொல்லி விலக்கி எழுதுங்கள். குத்தகை முடிந்ததும் தகடும் கம்பியும் கான்கிரீட் அடியும் யார் செலவில் எடுப்பது என்றும் எழுதுங்கள்.

கடைசியாகப் பாகம். அக்காவைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டு முடிக்க நினைத்தால் அது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் திருத்தியாகிவிட்டது, மகளுக்கும் மகனைப் போலவே உரிமை. உங்கள் பத்திரங்களை வைத்துக்கொண்டு பங்கைச் சொல்ல வேண்டியது வக்கீல். என் யோசனை எல்லை கிழிப்பது பற்றி மட்டும். நிலத்தை மூன்றாக நீளவாக்கில் கிழிக்கும்போது கோடு வழக்கமாக வீட்டின் நடுவிலோ கட்டுத்தரையின் நடுவிலோ போகும். அப்படி ஆனால் ஒருவர் சுவர் எழுப்புவார், இன்னொருவர் பங்கை விற்பார், வீடு பத்து வருஷம் தாங்காது. வீடு, கட்டுத்தரை, கவலைக் கிணறு, களம், இட்டேரி இவற்றை ஒரே துண்டாக அளந்து பொதுவில் நிறுத்துங்கள். அல்லது மூவரில் ஒருவர் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் அதற்கு ஈடாகக் காட்டில் கூடுதலாகக் கொடுக்கட்டும். பொதுவில் நிறுத்தினால் பழுதுச் செலவு யார் யாருக்கு எவ்வளவு, சாவி யாரிடம், விற்பதானால் முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டது எல்லாம் அடுத்த தலைமுறையில் வழக்காகிறது.

மாடு நீங்களே வைக்க முடியாது, தெரியும். பக்கத்தில் காங்கயம் மாடு வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைக் கட்டுத்தரையையும் இரண்டு துண்டு கொறங்காட்டையும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வாடகை குறைவாக இருக்கட்டும். பதிலுக்கு அவர்கள் தினமும் வீட்டைத் திறந்து பெருக்கி அடுப்பு மூட்ட வேண்டும். அடுப்புப் புகை ஏறும் கூரையில் வண்டும் கரையானும் குறைவாகத்தான் அண்டும். ஆள் நடமாடும் வீட்டில் ஓடு நகர்ந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். சாணத்துக்கும் கோமியத்துக்கும் கட்டுத்தரைத் தரையில் பழைய வடிகால் இருக்கும், கல்லைப் பெயர்க்காமல் அதைத் தோண்டித் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு கல்தாழியின் மூலை உடைந்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். தாழி கசியாவிட்டால் அப்படியே விடுங்கள், சிமென்ட் பூச வேண்டாம்.

இந்த மாதமே செய்ய வேண்டியது ஒன்று. கூரையில் ஆள் ஏறும் முன், வீட்டின் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும், ஒவ்வொரு கதவையும் தூணையும் நேராகவும், கட்டுத்தரையையும் கிணற்றையும் வேலியையும் படம் எடுங்கள். டேப் வைத்து அளந்து ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கொத்தனார் 'இங்கே இப்படித்தான் இருந்தது' என்று அடித்துச் சொல்லும்போது எடுத்துக் காட்ட உங்கள் கையில் அது இருக்க வேண்டும். கூடல்வாயைப் பிரித்த பின் விட்ட முனையின் படத்தை அனுப்புங்கள், எவ்வளவு அறுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.